மண்ணை அறிந்த தோட்டக் கலைஞர் ஜென்ஸ் ஜென்சன்

மாளிகை கட்டியவர் பெயரைக் கல்வெட்டுச் சொல்லும். நூல் எழுதியவர் பெயரை ஏடு சொல்லும். தோட்டம் அமைத்தவர் பெயரைச் சொல்லுவார் யார்? மரம் வளர்ந்து நிழல் தரும் காலத்தில், அதை நட்ட கையை எவரும் நினைப்பதில்லை. அவ்வாறு மறந்து போகாமல் நிலைத்துவிட்ட சில பெயர்களுள் ஜென்ஸ் ஜென்சன் என்பதும் ஒன்று. அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகரில் பொதுப் பூங்காக்களை அமைத்தவர் அவர். அந்தந்த மண்ணில் இயல்பாக விளையும் செடி கொடிகளைக் கொண்டே தோட்டம் அமைத்தல் வேண்டும் என்ற கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர். இத்தனைக்கும் அவர் அந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். கடல் கடந்து பிழைக்க வந்தவர். பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் வாழும் நமக்கு அவர் வாழ்க்கை பல வகையிலும் அறியத் தக்கதாகும்.

பிறப்பும் இளமையும்

1860-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13-ஆம் நாள், டென்மார்க்கு நாட்டின் தெற்கெல்லையில் உள்ள டிப்பெல் என்னும் ஊரில், நிலபுலம் உடைய உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிறைந்திருந்தபோது, 1864-ஆம் ஆண்டில், பிரஷியப் படை அப்பகுதியின் மேல் பாய்ந்தது. டேனியர் தோற்ற பெரும்போர் அந்த டிப்பெல் மண்ணிலேயே நிகழ்ந்தது. போர் முடிந்ததும் அப்பகுதி பிரஷியாவின் ஆட்சிக்கு உட்பட்டது. தாய்மொழி ஒன்று, ஆள்வோர் மொழி வேறொன்று என்ற நிலையில் அவர் வளர்ந்தார். சொந்த நிலத்தில் இருந்துகொண்டே அயலார் ஆக்கப்படுவதன் வேதனையை அவர் சிறு வயதிலேயே உணர்ந்தவர்.

டென்மார்க்கில் அக்காலத்தில் மக்கள் உயர்பள்ளிகள் என்ற ஒரு வகைக் கல்விநிலையங்கள் தோன்றியிருந்தன. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்நாட்டின் வரலாறு, பாட்டு, பழங்கதை ஆகியவற்றைக் கற்பித்து, இயற்கையோடு பழகச் செய்வது அவற்றின் நோக்கம். தேர்வும் பட்டமும் அங்கு முதன்மை பெறவில்லை. ஜென்சன் அத்தகைய பள்ளியில் பயின்றார். பின்னர் கோபன்ஹேகனை அடுத்த டூனே என்னும் ஊரிலிருந்த வேளாண்மைப் பள்ளியிலும் கற்றார். அதன்பின் செர்மன் படையில் கட்டாயப் பணி புரிய நேர்ந்தது. பெர்லின் நகரத்தில் இருந்த நாட்களில், அளவுகோல் வைத்துக் கத்தரித்தாற் போன்ற அரசாங்கப் பூங்காக்களை அவர் கண்டார். அவை அவர் உள்ளத்தைக் கவரவில்லை. மரங்களும் படைவீரரைப் போல வரிசையில் நிற்க வேண்டுமா என்ற ஐயம் அவருக்கு அப்போதே எழுந்திருத்தல் கூடும்.

கடல் கடந்த வாழ்வு

அன்னா மேரி ஹேன்சன் என்ற நங்கையை மணக்க அவர் விரும்பினார். வீட்டார் அதனை ஒப்பவில்லை. 1884-ஆம் ஆண்டில் இருவரும் அமெரிக்கா புறப்பட்டனர். நிலக்கிழாரின் மகன் அங்கே கூலியாளாக வாழ்வைத் தொடங்கினார். புளோரிடாவில் சிறிது காலமும் அயோவாவில் சிறிது காலமும் உழைத்துவிட்டு, 1886-ஆம் ஆண்டில் சிகாகோவை அடைந்து, அந்நகரின் மேற்குப் பூங்காக் கழகத்தில் நாட்கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார்.

சிகாகோ அமைந்துள்ள இல்லினாய் மாநிலத்திற்குப் பிரெயரி மாநிலம் என்றே ஒரு பெயர் உண்டு. பிரெயரி என்பது ஆளுயரப் புல்லும் பலநிறக் காட்டுப் பூக்களும் அடர்ந்த சமவெளி. குடியேறிய மக்கள் ஏரைக் கொண்டு அதனை உழுது சோளமும் கோதுமையும் விதைத்தனர்; இருப்புப் பாதையும் தொழிற்சாலையும் பின்தொடர்ந்தன. அப்புல்வெளியில் இன்று பழுதுபடாமல் எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜென்சன் வந்து சேர்ந்த காலத்தில் அது கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. அந்நாட்டு மக்களோ அதனைக் களை மண்டிய காடு என்று எண்ணினர். அழகு என்பது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பொருள் என்பது அன்றைய செல்வர் கருத்து.

ஜென்சன் விடுமுறை நாட்களில் மனைவி மக்களுடன் இரயிலேறி, அப்பாதை முடியும் இடத்தில் இறங்கி, கால்நடையாகச் சுற்றுவார். எந்தப் பூ எந்த மாதத்தில் மலர்கிறது, எந்தச் செடி எந்த மரத்தின் அருகில் வாழ்கிறது என்பதையெல்லாம் கூர்ந்து நோக்குவார். கல்லூரியில் கற்காத பாடத்தை அவர் இவ்வாறு நிலத்தினிடமே கற்றார்.

பட்ட செடிகள் புகட்டிய பாடம்

பூங்காவில் அவர் முதலில் செய்த வேலை, மற்றவர்கள் செய்ததைப் போன்றதே. அயல்நாட்டுப் பூச்செடிகளைக் கொண்டுவந்து ஒழுங்குமுறைப்படி ஒரு தோட்டம் அமைத்தார். சிகாகோவின் கடுங்குளிரும் கோடை வெப்பமும் அச்செடிகளுக்கு ஒவ்வவில்லை. அவை வாடிப் பட்டுப்போயின. மீண்டும் பொருள் செலவிட்டு அவற்றையே நடுவது பிறர் வழக்கம். ஜென்சன் அவ்வாறு செய்யவில்லை. வண்டியும் குதிரையும் பூட்டிக்கொண்டு நகரத்தின் வெளிப்புறம் சென்றார். வேலியோரத்திலும் காட்டோரத்திலும் யாரும் ஏறிட்டுப் பாராமல் பூத்துக் கிடந்த நாட்டுச் செடிகளை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து நட்டார். 1888-ஆம் ஆண்டில் யூனியன் பூங்காவில் ஒரு மூலையில் இவ்வாறு உருவானதே ‘அமெரிக்கத் தோட்டம்’ என்பது. செடிகள் தழைத்தன. பார்க்க வந்த எளிய மக்கள், தாம் முன்பு வயல்வெளியில் கண்ட பூக்களை நகரத்தின் நடுவே கண்டு மகிழ்ந்தனர்.

இதன் உட்பொருள் ஆராயத் தக்கது. பிரெயரிப் புல்லின் வேர் ஓர் ஆள் உயரத்திற்கும் மேலாக நிலத்தினுள் இறங்கும். மேலே தீப் பற்றி எரிந்தாலும், கோடை காய்ந்தாலும், பனி உறைந்தாலும் அவ்வேர் பிழைத்திருந்து மறுபருவத்தில் துளிர்க்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரு நிலத்தின் மழைக்கும் வெயிலுக்கும் பழகிய செடிக்குத் தோட்டக்காரன் இடைவிடாமல் நீர் சுமக்க வேண்டுவதில்லை. அந்நிலத்துப் பறவைக்கும் வண்டுக்கும் அதுவே உணவு, அதுவே வீடு. நீரையும் உழைப்பையும் காத்து, நிலத்தையும் வளம் குன்றாமல் வைக்கும் தோட்டம் என்று இன்று உலகெங்கும் அறிஞர் பேசுகின்றனர். அதனை ஒரு கூலித் தொழிலாளி 1888-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார்.

நேர்மைக்குக் கிடைத்த பரிசு

உழைப்பால் அவர் படிப்படியாக உயர்ந்து, ஹம்போல்ட்டு பூங்காவின் கண்காணிப்பாளர் ஆனார். ஆனால் பூங்காக் கழகத்தில் அந்நாளில் அரசியல் கட்சியாரின் ஊழல் மலிந்திருந்தது. அதற்கு உடந்தையாக இருக்க அவர் மறுத்தார். அதன் பயனாக 1900-ஆம் ஆண்டில் வேலையை இழந்தார். குடும்பம் உடையவர், பிறந்த நாட்டை விட்டு வந்தவர், பதினான்கு ஆண்டு வியர்வை சிந்திப் பெற்ற பதவியை ஒரே நாளில் இழக்க நேர்ந்தது. கண்டும் காணாதவர்போல் இருந்திருந்தால் பதவி நிலைத்திருக்கும். அவர் அவ்வழியைத் தேடவில்லை.

அந்த ஐந்தாண்டு இடைக்காலமும் வீண்போகவில்லை. தனியார் வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துப் பிழைத்தார். சிகாகோப் பல்கலைக்கழகத்தின் செடிநூற் பேரறிஞர் ஹென்றி கௌல்ஸ், கட்டடக் கலைஞர் டுவைட் பெர்க்கின்ஸ் முதலியோரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. நகரைச் சுற்றியுள்ள காடுகளையும் ஆற்றோரங்களையும் விற்பனைக்கு விடாமல் மக்களுக்கென்று காக்க வேண்டும் என்ற திட்டத்தைப் பெர்க்கின்ஸ் 1904-ஆம் ஆண்டில் அறிக்கையாக வெளியிட்டார். அதில் நிலங்களைப் பற்றிய பகுதி ஜென்சனின் ஆய்வு. அத்திட்டம் பின்னாளில் சட்டமாகி, சிகாகோவைச் சூழ்ந்த குக் மாவட்டத்தில் இன்று ஏறத்தாழ 70,000 ஏக்கர் காட்டு நிலம் பொதுச் சொத்தாக விளங்குகின்றது.

1905-ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. பூங்காக் கழகமும் சீர்திருத்தப்பட்டது. விலக்கப்பட்ட ஜென்சனையே மீண்டும் அழைத்து, மேற்குப் பூங்காக்கள் அனைத்துக்கும் தலைமைக் கண்காணிப்பாளராக அமர்த்தினர்.

கண்ணாடி வீடும் புல்வெளி ஆறும்

அக்காலத்தில் மூன்று பூங்காக்களிலும் மூன்று சிறு கண்ணாடிச் செடிவீடுகள் இருந்து பாழடைந்திருந்தன. அவற்றை நீக்கிவிட்டுக் கார்பீல்டு பூங்காவில் ஒரே பெரிய கண்ணாடி வீட்டை ஜென்சன் எழுப்புவித்தார். 1908-ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. செடிவீடு என்றால் அரண்மனைபோல் கோபுரமும் கொடுமுடியும் வைப்பது அன்றைய மரபு. ஜென்சனோ அந்நாட்டு வயல்களில் காணும் வைக்கோற் போரின் உருவத்தில் அதனை அமைத்தார். உள்ளே செடிகளைத் தொட்டியில் வைத்து அடுக்காமல், தரையிலேயே பாறையும் சுனையும் அமைத்து, காட்டுக்குள் நுழைந்தாற் போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்.

அங்குள்ள சிற்றருவியைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. கொத்தனார் கல்லை அடுக்கி நீரை விழச் செய்தபோது அது மலையருவிபோல் ஆர்ப்பரித்தது. சமவெளி நாட்டு நீரோடை அவ்வாறு இரையாது, மெல்ல ஒலிக்கும் என்று சொல்லி ஜென்சன் அதனைப் பிரித்துக் கட்டச் செய்தார். மீண்டும் மீண்டும் அதே குறை. இறுதியில், மெண்டல்சன் என்னும் இசைமேதையின் வசந்தப் பாடலை ஒருமுறை கேட்டுவிட்டு வருமாறு கொத்தனாரை அனுப்பினாராம். கேட்டு வந்தவர் கட்டிய அருவி, ஜென்சன் விரும்பியபடியே ஒலித்தது என்பர்.

ஹம்போல்ட்டு பூங்காவில் பழைய குளத்தை நீட்டி, வளைந்து செல்லும் ஓர் ஆற்றை உருவாக்கினார். அதற்குப் புல்வெளி ஆறு என்று பெயர். ஆனால் அவருடைய கலையின் முழுமையைக் கொலம்பஸ் பூங்காவிலேயே காணலாம். நகரின் மேற்கெல்லையில் 144 ஏக்கர் வெற்றுநிலம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. 1915-ஆம் ஆண்டு தொடங்கி 1920-ஆம் ஆண்டுவரை அவர் அதில் உழைத்தார். பண்டை நாளில் பேரேரியின் கரையாக இருந்த ஒரு மணல்மேடு அந்நிலத்தில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். பிறராயின் அதனை வெட்டிச் சமப்படுத்தியிருப்பர். அவர் அந்த மேட்டினையே ஊற்றிடமாக்கி, அங்கிருந்து ஓடைகள் இறங்கி ஆறாக விரிவதுபோல் அமைத்தார். இல்லினாய் ஆற்றங்கரைப் பாறைகளைப் போலவே சுண்ணாம்புக் கல்லைப் படுகை படுகையாக அடுக்கினார். திறந்த வெளியின் ஓரத்தில் பூச்செடிகள், அடுத்துப் புதர்கள், அதற்குப் பின் கிளைகளைக் கிடையாக நீட்டும் ஹாதார்ன் முள்மரமும் காட்டு ஆப்பிளும், கடைசியில் ஓக்கும் மேப்பிளும் என்று, காடு எவ்வாறு வெளியை நோக்கி இறங்கி வருமோ அவ்வாறே வைத்தார். கிடைக்கிளை மரங்களை அவர் விரும்பியதற்குக் காரணம் உண்டு. சமவெளியின் அடிவானக் கோட்டை அவை நினைவூட்டுகின்றன.

அப்பூங்காவில் மற்றொரு புதுமை, வட்டமாக அமைந்த கல்லிருக்கை. நடுவில் தீ மூட்டி, சுற்றிலும் மக்கள் அமர்ந்து பாடலாம், பேசலாம், கதை கேட்கலாம். வட்டத்தில் தலை என்றும் கடை என்றும் இடம் இல்லை. செல்வரும் ஏழையரும் ஒரே மட்டத்தில் அமர வேண்டும். செவ்விந்தியரின் ஊர்க்கூட்டமும், தாம் பயின்ற டேனிய பள்ளியின் கூடலும் அவருக்கு இக்கருத்தைத் தந்தன. அவர் அமைத்த தோட்டம் பலவற்றிலும் இவ்வட்டம் இடம்பெற்றது.

1920-ஆம் ஆண்டில் பூங்காக் கழகத்துடன் அவர் தம் தொடர்பை முடித்துக்கொண்டார். பிற்காலத்தில் நெடுஞ்சாலை அமைப்பதற்காகக் கொலம்பஸ் பூங்காவின் தென்பகுதி எடுக்கப்பட்டது. எஞ்சிய பூங்கா, 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மணற்குன்றுகளைக் காத்தல்

மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மணற்குன்றுகள் உள்ளன. பாலைச் செடியும் குளிர்நாட்டுச் செடியும் அருகருகே வாழும் விந்தை நிலம் அது. செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிலத்தைக் காடாக்கும் முறையைக் கௌல்ஸ் அங்கேதான் ஆராய்ந்து வெளியிட்டார். அதே கரையில் 1906-ஆம் ஆண்டில் பெரிய எஃகு ஆலை எழத் தொடங்கியது. ஹூசியர் சறுக்கு என்று பெயர்பெற்ற பெருங்குன்று ஒன்றைக் கண்ணாடி செய்வதற்காக இரயில் பெட்டிகளில் அள்ளிச் சென்றனர். 1920-ஆம் ஆண்டளவில் குன்று இருந்த இடமே தெரியாமற் போயிற்று.

ஜென்சன் வாளாவிருக்கவில்லை. 1913-ஆம் ஆண்டில் ‘நம் நாட்டு நிலக்காட்சியின் நண்பர்கள்’ என்ற கழகத்தை நிறுவினார். 1916-ஆம் ஆண்டில் அரசாங்கம் நடத்திய விசாரணையில் குன்றுகளுக்காக வாதாடினார். 1917-ஆம் ஆண்டில் அம்மணற்பரப்பிலேயே மாபெரும் நாடக விழா நடத்தி, மக்களைத் திரளாக வரவழைத்தனர். உடனே பயன் விளையவில்லை, உலகப்போர் குறுக்கிட்டது. 1925-ஆம் ஆண்டில் ஒரு பகுதி மாநிலப் பூங்கா ஆயிற்று. 1966-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஏரிக்கரையைக் காப்பில் கொண்டது. 2019-ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்கா என்ற பெயரைப் பெற்றது. விதைத்தவர் மறைந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின் கனிந்த பயன் அது.

செல்வரும் சிறுவரும்

மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு தம் டியர்பார்ன் மாளிகைக்கு ஜென்சனைக் கொண்டு தோட்டம் அமைத்தார். கோடைக்காலத்தின் நெடும்பகல் நாளில், நீண்ட புல்வெளியின் நேர்முனையில் கதிரவன் மறையும்படி அவர் அதனைத் திசை வகுத்தது வியப்புக்குரியது. பின்னர்ப் போர்டின் மனைவியார் ஆயிரக்கணக்கான ரோஜாக்களைக் கொண்ட ஒழுங்குமுறைத் தோட்டம் ஒன்றை அங்கே அமைக்க முற்பட்டார். தம் அமைப்பு சிதைவதைப் பொறாமல் ஜென்சன் விலகிக்கொண்டார் என்பர். செல்வர் என்பதற்காக அவர் தம் கொள்கையை விற்கவில்லை.

1936-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஆபிரகாம் லிங்கன் நினைவாக ஏரிக்கரையில் ஒரு தோட்டம் தொடங்கியது. லிங்கன் வாழ்ந்த கெண்டக்கி, இந்தியானா, இல்லினாய் ஆகிய மூன்று மாநிலங்களின் செடிகள் மட்டுமே அதில் இடம்பெற வேண்டும் என்று ஜென்சன் வகுத்தார். வளர்ந்த மரங்களைக் கொணர்ந்து வைக்கவில்லை. சாரணச் சிறுவர் சிறுமியரின் கையில் ஓக் விதைகளைக் கொடுத்து ஊன்றச் செய்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. அம்மரங்கள் நிழல் தருவதைத் தாம் காண இயலாது என்பது அவருக்குத் தெரியும். காண வேண்டியவர்கள் அச்சிறுவர்களே என்பதும் அவருக்குத் தெரியும்.

இறுதிக் காலம்

1934-ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். அடுத்த ஆண்டில் ஜென்சன் நகரை நீத்து, விஸ்கான்சின் மாநிலத்தில் எல்லிசன் பே என்ற சிற்றூரை அடுத்து, ஏரியை நோக்கிய பாறைச் சரிவில் ‘கிளியரிங்’ என்னும் பள்ளியை நிறுவினார். காட்டினிடையே வெளிச்சம் விழும் திறந்தவெளி என்பது அப்பெயரின் பொருள். இளமையில் தாம் பயின்ற டேனிய பள்ளியின் வழியிலேயே, மண்ணில் உழைத்துக் கற்கும் கல்வியை அங்கு அளித்தார். 1937-ஆம் ஆண்டில் தலைமைக் கட்டடம் தீக்கு இரையாயிற்று. எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் சோர்ந்து அமராமல் மீண்டும் கட்டினார். 1951-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், தமது 91-ஆம் வயதில் அங்கேயே உயிர் நீத்தார். பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.

சான்றோர் வாழ்வை எழுதுங்கால் அவர்பால் உள்ள குறையையும் மறைத்தல் ஆகாது. செடிக்குப் பொருந்திய விதியை ஜென்சன் தம் எழுத்தில் சில இடங்களில் மக்கள் இனத்துக்கும் பொருத்திப் பேசினார். வடநாட்டார்க்கு ஓர் இயல்பு, தென்னாட்டார்க்கு ஓர் இயல்பு என்ற பிரிவினை அவரிடம் தலைகாட்டியது. பின்னாளைய ஆராய்ச்சியாளர் அதனை வன்மையாகக் கண்டித்துள்ளனர். அக்கண்டனம் முறையே. செடிக்கு வேர் உண்டு. மனிதனுக்குக் காலும் உண்டு. வந்த ஊரை நேசித்து அதற்கு உழைப்பவன் அவ்வூருக்கு உரியவனே என்பதற்கு அவருடைய எழுத்தை விட அவருடைய வாழ்க்கையே சிறந்த சான்று. டேனிய மண்ணில் பிறந்த அவரன்றோ, பிரெயரிப் பூவின் அருமையைப் பிரெயரி நாட்டார்க்கே எடுத்துக்காட்டியவர்!

நாம் கொள்ள வேண்டுவது

நிலத்தையும் அதில் பூக்கும் மலரையும் இணைத்துக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பெயரிட்ட மரபில் வந்தவர் நாம். ஜென்சனின் கொள்கை நமக்குப் புதிதாகத் தோன்றாது. ஆயினும் நம் குடியிருப்புக்களில் நிகழ்வது என்ன? கடையில் விலைக்கு வாங்கிய அயல்நாட்டுத் தொட்டிச் செடி கோடையில் கருகுகின்றது; குழாயில் நீர் வரும் சிறு பொழுதையும் அதற்கே செலவிடுகின்றோம்.

வடபுலத்துச் சாலைகளில் அமல்தாஸ் என்று பொன்மழை பொழிவது நம் கொன்றையே. பலாஷ் என்று காட்டில் தீயெனச் சிவப்பது நம் புரசு. அர்ஜுன் என்று நீரோரம் நிற்பது நம் மருது. கதம்ப் என்பது நம் கடம்பு. வேறு பெயர் பூண்டு நமக்கு முன்னரே இங்கு வாழ்ந்துவரும் உறவினர் இவர்கள். இவ்வாண்டு மழைக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒரு கன்றைக் குழந்தைகளின் கையால் நட்டு, அதன் பெயரைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் அவர்களுக்குக் கற்பித்தல் நன்று. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் நீர் ஊற்றினால் போதும். பிறகு மண் பார்த்துக்கொள்ளும்.